தனிய வள்ளமெடுப்பவருக்கு இரண்டு திகதிகள் வேண்டும்

போன மாதம் ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழா. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருந்த பழைய நண்பர் என் காதருகே குனிந்து, "ஐசே, குறை நினைக்காதையும். வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. "இல்லை, வருஷா வருஷம் தனியக் காட்டுக்குப் போய்க் கூடாரத்தில கிடக்கிறீராம் எண்டு கதைக்கினம். அதுதான் கேட்டன்" என்றார்.

சிரித்துச் சமாளித்துவிட்டேன். எங்கள் ஆட்களில் ஒருவர் தனிய ஒரு இடத்துக்குப் போகிறார் என்றால் துக்கம், சண்டை, சாமி, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். நான் மூன்றிலும் சேர்த்தியில்லை. நண்பருக்கு மேசையில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் அபிப்பிராயம் இதுதான். வயது போனவர்கள் தனிய வள்ளமெடுத்துக் காட்டு ஏரிகளுக்குப் போகலாம். உடம்பு இடம் கொடுத்தால் கட்டாயம் போகவேண்டும் என்றே சொல்வேன். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைக் கட்டுவது போகிறவர் அல்ல, வீட்டில் இருப்பவர்கள். அந்தக் கணக்கை நேராக்காமல் போகக்கூடாது. இது எனக்குத் தானாக வந்த ஞானம் அல்ல. மூன்று வருடத்துக்கு முன் என் மகளிடம் படித்தது.

போகாதவர்களுக்காக முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவில் இருந்து வடக்கே காரில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால் அல்கொன்குயின் பூங்கா. பூங்கா என்றதும் பூச்செடியும் வாங்கும் என்று நினைக்கவேண்டாம். 1893இல் ஒதுக்கிய காடு அது. பரப்பு 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல், ஏரிகள் மட்டும் 2,400க்கு மேல். 60ஆம் இலக்க நெடுஞ்சாலை தெற்கு ஓரத்தை வெட்டிக்கொண்டு போகிறது. அதை விட்டு உள்ளே போவதென்றால் நடக்கவேண்டும், அல்லது வள்ளம் வலிக்கவேண்டும். ஒரு ஏரி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், வள்ளத்தைத் தலைக்கு மேலே கவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். அந்தப் பாதைக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். அது தொடங்கும் இடத்தில் மஞ்சள் பலகையில் தூரம் எழுதியிருக்கும். இரவு தங்கும் இடங்களுக்குச் செம்மஞ்சள் பலகை. முன்கூட்டியே அனுமதிச் சீட்டு எடுத்திருக்கவேண்டும். தகர டின்னும் கண்ணாடிப் போத்தலும் உள்ளே கொண்டுபோகக்கூடாது.

நான் போவது எப்போதும் ஒரே வழிதான். கனூ ஏரியில் தொடங்கி வடக்கே போனால் ஜோ ஏரிக்கு ஒரு போர்ட்டேஜ், 295 மீற்றர். முதலில் பையை வைத்துவிட்டு வந்து, பிறகு வள்ளத்தைத் தூக்குவேன். ஆகவே எனக்கு அது மூன்று நடை, 885 மீற்றர். அதற்கு அப்பால் டீப்பி ஏரி, ஒரு சின்ன ஆறு, இன்னும் இரண்டு ஏரிகள், கடைசியில் டொம் தொம்ஸன் ஏரி. வேறு போர்ட்டேஜ் கிடையாது. 66 வயதில் தனியப் போகத் தொடங்கினவனுக்கு அது காணும்.

வாடகைக்கு எடுக்கும் வள்ளம் பதினாறு அடி, கெவ்லார் நாரில் செய்தது, இருபது கிலோ வரும். இரண்டு பேருக்கான வள்ளத்தில் ஒருவர் போவதென்றால், முன்னிருக்கையில் பின்பக்கம் பார்த்து இருந்து, அந்தப் பின்பக்கத்தையே முன்பக்கமாக ஓட்டுவது வழக்கம். அப்போதுதான் ஆளின் பாரம் நடுவுக்குக் கிட்ட வரும். எதிரே பையை வைத்துச் சமப்படுத்தவேண்டும். இல்லாவிட்டால் மூக்கு மேலே தூக்கும், காற்று அதைப் பிடித்துச் சுற்றும். ஒரு பக்கமாகவே வலித்தாலும் வள்ளம் நேரே போவதற்கு, ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் துடுப்பை வெளிப்பக்கமாகத் திருப்பித் தள்ளவேண்டும். பில் மேசன் என்ற கனேடியர் 1977இல் எடுத்த ஆவணப் படங்களைப் பார்த்துத்தான் இதைப் படித்தேன். ஊரில் பரவைக் கடலில் வள்ளம் தள்ளின அனுபவம் இங்கே உதவாது. அங்கே விழுந்தால் இடுப்பளவு தண்ணீர், எழும்பி நடந்து வரலாம். இங்கே பல ஏரிகளில் கரையை விட்டு இரண்டு வலிப்புப் போனாலே கால் எட்டாது.

சாப்பாட்டுக்கு அவித்த மா, பருப்பு, காய்ந்த சம்பல், பனங்கட்டி, தேயிலை. கருவாடு இல்லை. கருங்கரடிக்கும் கருவாட்டு மணம் பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன். செப்ரெம்பர் கடைசியில் போனால் நுளம்பு போய்விடும், மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கும். இரவில் லூன் பறவை கூப்பிடும் சத்தம் முதல் முறை கேட்டபோது யாரோ பெண் அழுகிறார் என்று எழும்பி இருந்துவிட்டேன்.

இனி மூன்று வருடத்துக்கு முந்திய கதை. வியாழன் போய் ஞாயிறு திரும்புவதாகத் திட்டம். "ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு வந்திடுவன்" என்று மனைவியிடம் சொல்லிப் போனேன். ஞாயிறு விடியப் பார்த்தால் காற்று திரும்பி, ஏரி முழுவதும் அலையின் தலையில் வெள்ளை நுரை. தனி ஆள், பாரமில்லாத வள்ளம். ஒரு மணித்தியாலம் பார்த்தேன், இரண்டு மணித்தியாலம் பார்த்தேன். குறையவில்லை. கட்டின கூடாரத்தைக் கழற்றாமல் இன்னொரு இரவு தங்க முடிவெடுத்தேன். அங்கே தொலைபேசி வேலை செய்யாது. சாப்பாடு இருந்தது, காய்ந்த விறகு இருந்தது. சுள்ளி மூட்டிப் பிளேன்ரீ குடித்துக்கொண்டு, எவ்வளவு நிதானமான மனிதன் நான் என்று என்னையே மெச்சிக்கொண்டு இருந்தேன்.

திங்கள் விடியக் காற்று விழுந்தது. புறப்பட்டு, பத்தரை மணிபோலக் கனூ ஏரித் துறைக்கு வந்தேன். துறையில் மகள் நின்றாள்.

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குத் தாய் அழைத்திருக்கிறார். இருட்டில் மூன்று மணித்தியாலம் ஓடி, நடுச்சாமத்துக்குப் பிறகு வந்து சேர்ந்திருக்கிறாள். வாகனத் தரிப்பிடத்தில் என் கார் நின்றது. அதன் முன்மூடியில் கை வைத்துப் பார்த்தாளாம். குளிர்ந்துபோய் இருந்ததாம். தன் காருக்குள்ளேயே விடியும் வரைக்கும் இருந்திருக்கிறாள். காலையில் விசாரித்தபோது, நேற்றுக் காற்று, பலர் உள்ளே தங்கியிருப்பார்கள், மத்தியானம் வரை பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தத் துறையில் நின்றுதான் அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

என்னைக் கண்டதும் ஓடி வரவில்லை, ஏசவும் இல்லை. வள்ளத்தின் கயிற்றை வாங்கிக் கட்டினாள். பிறகு, "அம்மாவுக்குப் போன் எடுங்கோ அப்பா" என்று தன் போனைத் தந்தாள். மனைவி "சரி, கார் ஓடேக்க கவனம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்தால், ஞாயிறு இரவு போட்ட சாப்பாட்டுக் கோப்பை மூடினபடி மேசையில் இருந்தது. சமைத்ததை இரவில் வெளியே வைக்காத மனிசி அவர்.

இதில் சொல்லவேண்டிய இன்னொன்று இருக்கிறது. என் மனைவியின் தம்பி ஒருவர், ஊரில், எண்பதுகளின் கடைசியில், ஒருநாள் பின்னேரம் சைக்கிளில் போனவர். "ஆறு மணிக்குள்ள வந்திடுவன் அக்கா" என்று சொல்லிப் போனவர். இன்றுவரை வரவில்லை. எங்கள் தலைமுறையில் பல வீடுகளில் இப்படி ஒருவர் உண்டு. சொன்ன நேரத்துக்கு ஒருவர் வரவில்லை என்பதற்கு எங்கள் வீட்டில் இருக்கும் பொருளை வள்ளப் பயணம் சொல்லித்தரும் புத்தகம் எதிலும் எழுதியிருக்காது. நாற்பது வருடம் அவரோடு வாழ்ந்த எனக்கு அது தெரிந்திருக்கவேண்டும். பிளேன்ரீ குடித்துக்கொண்டு இருந்தபோது அது நினைவுக்கு வரவில்லை என்பதுதான் என்னுடைய பிழை.

தங்கியது பிழை அல்ல. இதை நான் இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சாப்பாட்டுக்கு வருவேன் என்று சொல்லிவிட்டேனே என்று அந்த அலையில் இறங்கியிருந்தால்தான் பிழை. குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவருக்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய கணக்கு. மூச்சு ஒரு கட்டுக்குள் வர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணித்தியாலம். செப்ரெம்பரில் இன்னும் கொஞ்சம் கூட நேரம் கிடைக்கலாம். அதை நம்பி யாரும் இறங்கக்கூடாது. டொம் தொம்ஸன் என்ற ஓவியர், அந்த ஏரிக்குப் பெயர் தந்தவர், அந்தத் தண்ணீரை நன்றாக அறிந்தவர். 1917 யூலை 8ஆம் திகதி கனூ ஏரியில் தனிய வள்ளமெடுத்துப் போனார். எட்டு நாளுக்குப் பிறகு உடல்தான் கிடைத்தது. வயது 39. என்ன நடந்தது என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். பழகின ஏரி என்பது ஒரு காப்புறுதி அல்ல.

ஆகவே, "இத்தனை மணிக்கு வருவேன்" என்று வாக்குக் கொடுப்பதுதான் ஆபத்து. அதைக் காப்பாற்றப் போனால் போகிறவருக்கு ஆபத்து. காப்பாற்றாவிட்டால் வீட்டில் இருப்பவருக்கு நரகம்.

அடுத்த வருடம் நான் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த ஆவணியில் மனைவிதான் தொடங்கினார். "இந்த முறையும் போகேல்லையோ? வீட்டுக்குள்ள சுத்திச் சுத்தி வாறியள்." மகளை அழைத்துக் குசினி மேசையில் மூவரும் இருந்து கதைத்தோம்.

"ஆரையாவது கூட்டிக்கொண்டு போங்கோவன் அப்பா" என்றாள் மகள். நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இது. இருபத்தேழு வருடம் தொழிற்சாலையில் மணி அடித்தால் சாப்பிட்டு, மணி அடித்தால் எழும்பினவன் நான். இப்போது வங்கிக் கணக்கை மகன் பார்க்கிறான், வைத்தியரிடம் நாள் எடுப்பது நீ, எந்தப் போன் வாங்குவது என்பதைப் பேரன் முடிவெடுக்கிறான். எல்லாம் அன்பில்தான். ஆனால் எங்கே கால் வைப்பது, எப்போது புறப்படுவது, எப்போது புறப்படாமல் இருப்பது என்று நானே முடிவெடுத்து அதன் பலனை நானே அனுபவிப்பது வருடத்தில் அந்த நாலு நாளில் மட்டும்தான். இன்னொருவர் கூட வந்தால் அது நல்ல சுற்றுலா, ஆனால் வேறு விஷயம்.

"அங்க நெஞ்சுக்குள்ள ஏதும் செய்தால்?" என்று மனைவி கேட்டார். வழக்கமாக இதற்கு, "அது வீட்டுக் குளியலறையிலும் வரலாம்" என்று சொல்லித் தப்புவேன். அது கள்ள வாதம். குளியலறைக்கு அம்புலன்ஸ் வரும். டொம் தொம்ஸன் ஏரிக்கு நேரத்துக்கு வராது. அதை முதல் முறையாக வாய்விட்டு ஒத்துக்கொண்டேன். "அப்படி வந்தால் வந்ததுதான். எனக்கு அது சம்மதம். உமக்குச் சம்மதமில்லாட்டி நான் போகேல்லை" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் சொன்னார்: "வராட்டி வராதெண்டு தெரியவேணும். தெரியாமல் இருக்கிறதுதான் என்னால ஏலாது."

அன்றைக்கு எழுதின விதிகள்தான் இப்போது எங்கள் வீட்டுச் சட்டம். வழி, தங்கும் ஏரி, வள்ளத்தின் நிறம், கூடாரத்தின் நிறம் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டவேண்டும். அதில் இரண்டு திகதிகள். முதலாவது, வர நினைக்கும் நாள். இரண்டாவது, தேடச் சொல்லிப் பூங்காவுக்கு அறிவிக்கும் நாளும் மணியும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை நாளாவது இருக்கவேண்டும். அந்த இடைவெளி காற்றுக்கு உரியது. அதற்குள் நான் அவசரப்படத் தேவையில்லை, அவர்களும் பயப்படத் தேவையில்லை. செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை மகள் வாங்கித் தந்தாள். காலையும் மாலையும் ஒரு வரி அனுப்பவேண்டும். ஆனால் பற்றரி இறங்கலாம், கருவி தண்ணீரில் விழலாம். தாள் விழாது. உயிர்காப்பு அங்கியை வள்ளத்தில் வைத்திருந்தால் சட்டத்துக்குக் காணும். எங்கள் வீட்டுச் சட்டத்துக்கு, வள்ளத்தில் ஏறுமுன் போட்டால் இறங்கின பிறகுதான் கழற்றலாம்.

பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது: அப்பாவையோ அம்மாவையோ தடுக்கவேண்டாம், தாளைக் கேளுங்கள். தாள் எழுத மறுப்பவரைத் தாராளமாகத் தடுக்கலாம். என் வயதுக்காரருக்குச் சொல்வது: தனியப் போவது உங்கள் உரிமைதான். ஆனால் காத்திருக்கிற ஆளுக்கும் ஒரு உரிமை இருக்கிறது, எப்போது பயப்படத் தொடங்கலாம் என்று தெரிந்திருக்கும் உரிமை.

இந்த வருடச் சீட்டு எடுத்தாகிவிட்டது. தாளும் ஒட்டியாகிவிட்டது. புதன் போய்ச் சனி திரும்புவது, இரண்டாவது திகதி திங்கள் காலை எட்டு மணி. நேற்றுத் தண்ணீர் எடுக்கப் போனபோது பார்த்தேன். முதலாவது திகதிக்குப் பக்கத்தில் மனைவி பென்சிலால் எழுதியிருக்கிறார்: "புரட்டாதிச் சனி. மரக்கறிச் சாப்பாடு."