பதினோரு மாசம்... அப்புறம் 'திக் திக்'!

பத்தாவது மாசம் பிறந்தாலே, சைதாப்பேட்டையில் பல வாடகை வீடுகளில் தூக்கம் போய்விடும். 'இந்த வருஷமும் இருக்கச் சொல்வாரா, காலி பண்ணச் சொல்வாரா?' என்ற கவலைதான். குழந்தையின் பள்ளிக்கூடம், பாட்டிக்கு பிரஷர் பார்க்கும் டாக்டர், ராத்திரியில் கூப்பிட்டால் ஓடி வரும் பக்கத்து வீட்டு அக்கா... எல்லாமே அந்த ஒரு பதிலில் தொங்குகிறது. இந்தப் படபடப்புக்கு எந்த டானிக்கும் கிடையாது!

வீட்டுக்கார ஐயா, அம்மா... உங்கள் பயமும் புரிகிறது. 'ரொம்ப நாள் விட்டா கிளம்பவே மாட்டாங்க' என்பதுதானே? 1960-ம் வருடச் சட்டம் இருந்தவரை அதில் நியாயம் உண்டு. ஆனால், 2019 பிப்ரவரியில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதே! எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். பதினோரு மாசம் என்றாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாடகை எவ்வளவு, எப்போது ஏறும் என்பதை இரு தரப்பும் பேசி எழுதிக்கொள்ளலாம். கெடு முடிந்தும் காலி செய்யாவிட்டால் முறையிட வாடகை நீதிமன்றம் இருக்கிறது.

ஒரு வருடத்தைத் தாண்டினால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும்; செலவு உண்டுதான். ஆனால் ஆள் மாறும்போதெல்லாம் வெள்ளையடிப்பு, புரோக்கர் கமிஷன், பூட்டிக் கிடக்கும் வீடு... கூட்டிப் பாருங்கள்!

மூன்று வருடத்துக்கு எழுதிக் கொடுங்கள். வருடா வருடம் வாடகை ஏறுவதையும் அதிலேயே குறித்துவிடுங்கள். குடியிருப்பவர், தன் வீடு மாதிரி பார்த்துக்கொள்வார். அவருக்கும் நிம்மதி, உங்கள் பிரஷரும் ஏறாது!