செல்ஃப் எடுக்கலையா? எர்த்தைப் பாருங்க பாஸ்!

1957-ல ரோட்டுக்கு வந்த அம்பாஸடர், 2014-ல தயாரிப்பு நின்னுபோச்சு. ஆனா சேலம், நாமக்கல் பக்கம் தாத்தா வாங்கின வண்டியை விக்க மனசு வராத வீடுகள் இன்னும் இருக்கு. அதுக்குப் புது ஒயரிங், பழைய டைனமோவுக்குப் பதிலா ஆல்டர்னேட்டர்னு செலவு பண்ணுவாங்க. ஹெட்லைட் கண்ணு கூசும், ஹாரன் ஊரைக் கூட்டும். சாவியைத் திருப்பினா மட்டும்... 'டிக்'!

"செல்ஃப் மோட்டார் போச்சுங்க, புதுசு மாத்திடலாம்"னு உடனே ஒரு குரல் வரும். பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி, ஃபர்ஸ்ட் இயர்ல தூங்கிட்டே கேட்ட ஓம் விதியை எழுப்புங்க.

ஒரு ஹெட்லைட் பல்பு 55 வாட். சுமார் 4.6 ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டாருக்கோ 150 ஆம்பியர்கூட வேணும். ஒரு கனெக்‌ஷன்ல வெறும் 0.05 ஓம் தடைன்னு வைங்க. பல்புக்கு நஷ்டம் கால் வோல்ட்கூட இல்ல, ஜம்முனு எரியும். அதே வழியில 150 ஆம்பியர் போகணும்னா 7.5 வோல்ட் அங்கயே காலி! 12-ல மிச்சம் என்ன? மோட்டார் எப்படிச் சுத்தும்?

முதல் சந்தேகம் எர்த் மேல. இன்ஜின் உக்காந்திருக்கறது ரப்பர் மவுண்ட்ல. ரப்பர்ல கரன்ட் போகாது. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல எர்த் பட்டைதான் பாலம். புது பெயின்ட்டைச் சுரண்டாம அது மேலயே போல்ட்டை முறுக்கிட்டா பாலம் அவுட். ஹெட்லைட்டுக்கு அந்தப் பாலமே தேவையில்ல. அதான் அது சிரிக்குது!

கியரை நியூட்ரல்ல போடுங்க. பெட்ரோல் வண்டின்னா காயில் ஒயரைக் கழட்டிடுங்க. மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வெச்சு, ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொண்ணு இன்ஜின் பிளாக்ல. ஃப்ரெண்ட் சாவியைத் திருப்பட்டும். அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்ல கோளாறு. அடுத்து, பேட்டரி பாசிட்டிவ்லேர்ந்து மோட்டார் டெர்மினல் வரைக்கும் அதே டெஸ்ட். கடைசியா பேட்டரி ரெண்டு முனையிலயும் பாருங்க. 9.6-க்குக் கீழ இறங்கினா பேட்டரியை சார்ஜ் பண்ணி செக் பண்ணணும். மூணும் சரியா இருந்தாதான் மோட்டார்ல கை வைக்கணும்.

இன்னொரு விஷயம். புது மோட்டார் மாட்டினதும் வண்டி கிளம்பிட்டா, பழசு கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல. கழட்டி மாட்டறப்ப டெர்மினல் சுத்தமானதாலகூட இருக்கலாம். அப்போ தூக்கிப் போட்டது நல்ல மோட்டாரை!

லேப்ல ஓம் விதிக்கு ரெக்கார்டு மார்க் கிடைக்கும். சங்ககிரி வெயில்ல அப்பா வண்டி தள்ளாம இருந்தா, அதுதான் டிஸ்டிங்ஷன்!