சாக்குருவி என்றது யார்?

‘ஹாலோவீன்’ என்னும் சொல்லுக்குப் புனிதர் அனைவரின் பெருவிழாவுக்கு முந்திய மாலை என்பதே பொருள். நவம்பர் 1-ஆம் நாளின் வாசற்படி அது. அந்த வாசற்படியில் இன்று அமர்த்தப்பட்டிருப்பவை வௌவாலும் ஆந்தையும் சிலந்தியுமே. நியூயார்க்கின் பிராங்க்ஸ் தோட்டம் முதலாக மேலைநாட்டு மிருகக்காட்சி சாலைகள் பல, அக்டோபர் மாதத்தில் குடும்பங்களைக் கூவி அழைக்கின்றன. பிள்ளைகள் வேடம் புனைந்து வந்து, இரவு விலங்குகளையும் ஊர்வனவற்றையும் கண்டு சிலிர்க்கின்றனர். அவ்வுயிர்களின் பயனையும் அங்கே எடுத்துச் சொல்கின்றனர் என்பது உண்மையே. ஆயினும், அச்சத்தை விலைக்கு விற்றுவிட்டு அறிவை இலவசமாய்க் கொடுத்தால், பிள்ளை எதை வீட்டுக்குக் கொண்டுபோகும்?

நம் பெருநகரப் பள்ளிகளும் பேரங்காடிகளும் இவ்விழாவை இறக்குமதி செய்வது கண்டு, ‘மேலைநாட்டுச் சீரழிவு’ என்று பலர் குமுறுகின்றனர். அவர்களோடு சேர்ந்து குமுற என்னால் இயலவில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசற்சீமைக்கு இந்த அச்சம் கப்பலேறி வரவேண்டியதில்லை. ஆந்தையைச் ‘சாக்குருவி’ என்றழைத்தவர் யார்? நாம்தாம். வயலெலியை இரவெல்லாம் வேட்டையாடி நம் கம்பையும் சோளத்தையும் காக்கும் பறவைக்குச் சாவின் தூதன் என்று பட்டம் கட்டிக் கல்லெறிகிறோம். ஐப்பசி மழையின் ஈரம் கண்டு வெளிவரும் மரவட்டையை மிதித்துத் தேய்க்கிறோம்; அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. (தேள் வேறு. அதற்குச் செருப்பும் விளக்கும் வேண்டும், மறையுரை போதாது.)

தேவாங்கின் கதை இன்னும் கொடிது. பூச்சிகளைத் தின்று மரக்கிளைகளில் மெல்ல நடக்கும் சாதுப் பிராணி அது. இளைத்தவனை ஏச அதன் பெயர் வேண்டும். பில்லிசூனியத்துக்கும் பொய் மருந்துக்கும் அதன் உடல் வேண்டும். இருளில் காண்பதற்கென்றே அமைந்த பெருவிழிகள் அதற்கு வினையாயின. 2022-இல் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் நிலப்பரப்பைக் கடவூர்த் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்விலங்குக்கென எழுந்த முதற் சரணாலயம் அதுவே. காட்டுக்குச் சட்டம் வேலியிடும். திண்ணைப் பேச்சுக்கு வேலியிடுவது யார்?

திருப்பாடல் 104, இருளையும் அதில் நடமாடும் காட்டுயிர்களையும் கடவுளின் ஏற்பாடாகவே பாடுகிறது. இரவை அலகையின் பங்கென ஒதுக்கவில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் நம் பிள்ளைகள் பாட்டனின் கல்லறையில் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டு, அங்கேயே ஓடியாடுகின்றனர். இறந்தோரிடமே அஞ்சாத அப்பிள்ளைகளை, கல்லறைத் தோட்டத்துப் பனைப்பொந்தில் ஆந்தை அலறியதும், ‘சாக்குருவி கத்துது, வா வீட்டுக்கு’ என்று இழுத்துச் செல்வோர் பெற்றோரே. அந்நேரத்தில் பிள்ளையின் கைபிடித்துப் பொந்தைக் காட்டி, ‘அது எலி பிடிக்கக் கிளம்புது’ என்று சொல்வோர் நம் பங்குகளில் எத்தனை பேர்?