மனோதத்துவமும் மாதச் சம்பளமும்

பரீட்சை முடிவு வெளியான மறுநாள் நண்பர் ஒருவர் வாடிய முகத்துடன் என்னைத் தேடி வந்தார். அவருடைய பெண் தேறவில்லையோ என்று பயந்துவிட்டேன். விஷயம் அதுவன்று; பெண் நன்றாகவே தேறிவிட்டாள். ஆனால், மனோதத்துவம் படித்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கப் போகிறேன் என்கிறாளாம்.

"மனநோய் ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானால் அது தேவை. ஆலைக்கு எதற்கு ஐயா மனோதத்துவம்?" என்றார். அவருக்குச் சொன்ன பதிலை நேயர்களுக்கும் சொல்கிறேன்.

ஆமதாபாத் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகளை வாங்கிப் போட்டிருந்தார்கள். ஆயினும் எதிர்பார்த்த அளவு துணி இறங்கவில்லை. 1953-ஆம் வருஷத்தில் லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் வந்து பார்த்தார். வேலையைப் பங்கிட்ட விதத்தில்தான் கோளாறு என்று கண்டார். 224 தறிகள் கொண்ட கூடத்தில் 12 வகை வேலைகள். தறியைக் கவனிப்பவர் ஒருவர், ஊடைநூல் நிரப்புபவர் வேறொருவர், எண்ணெய் விடுபவர் இன்னொருவர். ஒருவர் பொறுப்பிலிருந்த தறிகளின் எண்ணிக்கை மற்றவருடையதுடன் பொருந்தவில்லை. யாருக்கு யார் துணை என்பதே தெளிவாயில்லை.

64 தறிகளை ஏழு பேர் கொண்ட குழு ஒன்று சேர்ந்து கவனிக்கலாமே என்ற யோசனை பிறந்தது. தொழிலாளர் காதில் அது விழுந்ததும், அவர்களே கூடிப் பேசிக் குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். ஆரம்பத் தடுமாற்றங்கள் தீர்ந்த பின் துணி பெருகிற்று, பழுது குறைந்தது. பல வருஷம் கழித்து ஆராய்ந்தபோது, சில கூடங்களில் மட்டுமே அம்முறை நிலைத்திருந்தது. அதுவும் ஒரு பாடந்தான்.

"இதெல்லாம் ஆண்கள் வேலை அல்லவா?" என்றார் நண்பர். அதே ஊரில் விக்ரம் சாராபாய் 1947-இல் தோற்றுவித்த ஜவுளி ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் மனோதத்துவப் பகுதியை நடத்தியவர் கமலா சௌத்ரி என்னும் பெண்மணி என்று சொன்னேன். பிற்பாடு அவ்வூர் நிர்வாகக் கல்விக் கழகத்தின் ஆரம்ப கால ஆசிரியர்களுள் ஒருவராகவும் விளங்கினார்.

சென்னைச் சர்வகலாசாலையில் மனோதத்துவத் துறை 1943-லேயே ஏற்பட்டது. பட்டப் படிப்புக்குப் பின் மேற்பட்டம் அவசியம். புள்ளிவிவரக் கணக்குக்கு அஞ்சுகிறவர்கள் இப்பக்கம் வர வேண்டாம். உத்தியோகம் பெரும்பாலும் மனோதத்துவம் என்ற பெயரில் வராது. ஆட்களைத் தேர்ந்தெடுத்தல், பயிற்சி, மனிதவளம் என்ற பெயர்களிலேயே வரும். சேனைக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் சபைகளிலும் மனோதத்துவ நிபுணர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் படிப்பைவிடக் கடினமானது ஒன்று உண்டு. சம்பளம் கொடுப்பவர் முதலாளி. மனத்தைத் திறந்து பேச வேண்டியவர் தொழிலாளி. அவர் நம்பிச் சொன்னதை மேலதிகாரி காதில் போட்டால், அன்றோடு சாஸ்திரம் போய் ஒற்று வேலைதான் மிஞ்சும். "இன்னார் சொன்னார் என்று எவரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முதல் நாளே முதலாளியிடம் சொல்லும் துணிவு வேண்டும். அத்துணிவு இல்லாதவர் வேறு உத்தியோகம் பார்ப்பது நாட்டுக்கு நல்லது.

நண்பர் யோசித்தார். "எல்லாம் சரி. என் பெண் ஓயாமல் பேசுகிறவள். பிறர் சொல்வதைக் கேட்கும் பொறுமை அவளுக்கு ஏது?" என்றார்.

"அவள் சொல்வதை நீர் ஒரு நாளாவது முழுதும் கேட்டதுண்டா?" என்றேன்.

நண்பர் பதில் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனார்.