வேலைக்கு வரும் அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாதா?



எங்கள் திண்டுக்கல்லில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் நேரே கறிக்கடைதான். ஆட்டுக்கறியும் சீரக சம்பா அரிசியும் வாங்கி பிரியாணி போட்டு, சொந்தக்காரர்கள் நாலு பேரும் வந்துவிட்டால் வீடே கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு நாம் கட்டையைச் சாய்க்கும் நேரத்தில் பின்வாசலில் எண்ணெய்ப் பிசுக்கோடு பாத்திரம் குவிந்து கிடக்கும். அதைத் தேய்க்க வேலைக்கார அக்கா வருகிறார். மற்ற நாளில் அரை மணி நேர வேலை அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் இழுக்கிறது. நமக்கு ஓய்வு நாள், அவருக்கு இடுப்பு ஒடிகிற நாள்.

எல்லா வீட்டிலும் இப்படித்தானே என்பீர்கள். ஞாயிறு ஓய்வு கடவுள் கட்டளை என்று சின்ன வயதிலேயே ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்த நம்மைப் பற்றித்தான் நான் கேட்கிறேன்.

ஓய்வுநாள் கட்டளை கத்தோலிக்கர் கணக்கில் மூன்றாவது, சி.எஸ்.ஐ. சகோதரிகள் கணக்கில் நான்காவது. நம்பர்தான் வேறு, விஷயம் ஒன்று. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் அதை முழுசாக வாசித்துப் பாருங்கள். யார் யாருக்கு ஓய்வு என்று ஒரு பட்டியலே இருக்கிறது. மகன், மகளுக்கு அடுத்து வேலைக்காரனும் வேலைக்காரியும் வருகிறார்கள். ஆடு மாடு, வெளியூரிலிருந்து வந்து தங்கியவர் வரைக்கும் விடவில்லை. (வீட்டுக்காரியின் பெயர் மட்டும் அதில் இல்லை! அதை இன்னொரு கடிதத்தில் கவனித்துக்கொள்கிறேன்.) உபாகமம் 5-ஆம் அதிகாரத்தில் காரணமும் வருகிறது. நீங்களும் எகிப்தில் அடிமையாக இருந்தவர்கள்தானே, அதனால் உங்களைப் போலவே உங்கள் வேலையாட்களும் இளைப்பாறட்டும் என்பதுதான் அதன் பொருள். இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்வது?

இன்னொன்று. வேலைக்கு வருகிற பெண்களில் பலர் நம் வேதக்காரர்கள்தான். நாலு வீட்டுப் பாத்திரம் தேய்த்துவிட்டு எந்தப் பூசைக்குப் போவார்கள்? ஞாயிறு பூசையை விட்டது பாவம் என்று பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொல்கிறார்கள். அந்தப் பாவத்தை யார் கணக்கில் எழுதுவது என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

"அவ என்ன, நெனச்சா லீவு போடுறவதானே, தனியா வேற லீவு குடுக்கணுமா?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரில் சாவு என்று அவர்கள் நின்றுவிடுவதை ஓய்வில் சேர்க்கலாமா? அதற்கும் சம்பளத்தில் பிடிக்கிறோம். நான் சொல்வது முன்கூட்டியே பேசி, சம்பளம் பிடிக்காமல் கொடுக்கிற லீவு.

இந்தப் பேச்சு நம் ஊருக்குப் புதுசும் இல்லை. பெல்ஜியத்திலிருந்து 1963-ல் இந்தியா வந்த சிஸ்டர் ஜீன் டெவோஸ், 1980-களில் வீட்டு வேலை செய்யும் பெண்களைச் சின்னச் சின்னக் குழுவாகக் கூட்டிப் பேச ஆரம்பித்தது இதே திண்டுக்கல்லில்தான். அது பிறகு மும்பை வரை போய், தேசிய வீட்டு வேலைத் தொழிலாளர் இயக்கமாக வளர்ந்தது. நம் பெண்களிலேயே எத்தனை பேருக்கு இது தெரியும்? தமிழ்நாட்டில் 2007-ல் இவர்களுக்கென்று தனி நல வாரியம் வந்தது. 2011-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வீட்டு வேலை செய்பவருக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று உடன்படிக்கை போட்டது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. சர்க்கார் செய்யும்போது செய்யட்டும், நம் வீட்டு அடுப்படிக்கு யார் உத்தரவு போட வேண்டும்?

நம் பேராலயமே சூசையப்பர் பெயரில் இருக்கிறது. அவர் உளி பிடித்த தச்சர். 1955-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் மே 1-ஐ தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார். அன்றைக்குப் பூசை கேட்டுவிட்டு வந்தும், "அக்கா, இன்னைக்கு விருந்தாளி வர்றாங்க, கொஞ்சம் சீக்கிரம் வந்துரு" என்றால் என்ன அர்த்தம்?

செய்ய முடியாத காரியமில்லை. பிரியாணிப் பாத்திரத்தில் உடனே வெந்நீர் ஊற்றி ஊற வைத்தால் பாதி வேலை முடிந்தது. தட்டை அவரவர் கழுவ வேண்டும். எங்கள் வீட்டில் அண்டா தேய்ப்பது ஆண்கள் வேலை. முதல் இரண்டு வாரம் முணுமுணுப்பு இருந்தது, இப்போது நார் எங்கே என்று கேட்கிறார்கள். மீதியை அப்படியே திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்தால் அதற்குப் பெயர் லீவு இல்லை.

ஆனால் ஒரு சிக்கல். அந்த அக்கா நாலு வீட்டில் வேலை செய்கிறார். நான் மட்டும் ஞாயிறு விட்டால் மீதி மூன்று வீட்டுக்காக அவர் தெருவுக்கு வந்துதான் ஆக வேண்டும். நாலு வீடும் ஒரே நாளை விட்டால்தான் அவருக்கு முழு நாள் கிடைக்கும். அந்த மூன்றில் இரண்டு வீடு எங்கள் அன்பியத்தில்தான் இருக்கிறது. வருகிற கூட்டத்தில் ஜெபமாலை முடிந்ததும் இதை எடுக்கப் போகிறேன். மூன்றாவது வீட்டம்மா கோவிலுக்கு வராத இந்து சகோதரி. அவரிடம் போன வாரமே கேட்டேன். "நீங்க எந்தக் கிழமைன்னு சொல்லுங்க, நான் ரெடி" என்றுவிட்டார்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.