வண்டி பையனுக்கு, பெயர் அப்பாவுக்கு

வெளியூரில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பையன் காலேஜ் சேர்ந்தாலோ, முதல் வேலைக்குப் போனாலோ பைக் வாங்கித் தருவோம். ஷோரூமில் மாலை, சந்தனம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், போட்டோ எல்லாம் அமர்க்களமாக நடக்கும். சாவி பையன் கையில். ஆர்.சி.யில் பெயர் மட்டும் அப்பாவுடையது!

இந்த வழக்கம் ஒழிய வேண்டும். கொஞ்சம் காரமாகவே எழுதப் போகிறேன். அப்பாமார்கள் கோபித்துக்கொண்டாலும் முழுதாகப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

நான் பொதுத்துறை வங்கியில் அதிகாரி. நாக்பூர் வந்து நாலு வருஷம். படித்தது பி.காம்.தான், வக்கீல் இல்லை. ஆனால் பைக் கடன் விண்ணப்பங்கள் என் மேஜையைத் தாண்டித்தான் போகின்றன. கூடவே இன்சூரன்ஸ் பாலிசியும் வரும். அதிலிருக்கும் பொடி எழுத்தைப் படிப்பதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம்.

அந்தப் பொடி எழுத்தில் 'ஓனர்-டிரைவர்' என்று ஒரு விபத்துக் காப்பீடு இருக்கும். இரு சக்கர வண்டிக்கு முன்பு 1 லட்சம் ரூபாய்தான் இருந்தது. 2018-இல் அதை 15 லட்சமாக உயர்த்தினார்கள். நல்ல விஷயம். ஆனால் இந்தப் பணம் யாருக்குக் கிடைக்கும்? மூன்று நிபந்தனை. ஓட்டியவர் ஆர்.சி.யில் இருக்கும் உரிமையாளராக இருக்க வேண்டும், பாலிசியும் அவர் பெயரில் இருக்க வேண்டும், அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். 'ஓனர்-டிரைவர்' என்றால் ஓனரே டிரைவர். ஓனருடைய மகன் இல்லை.

அப்பா பெயரில் வண்டி, ஓட்டுவது பையன். அப்பா சீட்டில் உட்காரப் போவதே இல்லை. அப்புறம் அந்தப் பிரீமியம் யாருக்காக? கார் வைத்திருக்கும் அப்பா என்றால் இன்னும் மோசம். ஒருவருக்கு எத்தனை வண்டி இருந்தாலும் இந்தக் காப்பீடு ஒன்று போதும் என்பது 2019-இலிருந்து உள்ள விதி. காருக்கு இருக்கிறது, பைக்குக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார். அந்த பைக்கில் இந்தக் காப்பீடு பெயருக்குக்கூட இருக்காது.

"அதான் தேர்ட் பார்ட்டி இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். பெயரிலேயே பதில் இருக்கிறது. அது மூன்றாம் மனிதருக்கு. இன்னொரு வண்டிக்காரர் தப்பு செய்து உங்கள் பையனை இடித்தால் அவருடைய இன்சூரன்ஸ் பதில் சொல்லும். மழையில் வழுக்கினால்? குறுக்கே நாய் வந்தால்? ஜல்லியில் சறுக்கினால்? எதிரில் யாருமே இல்லையே. உரிமையாளரிடம் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில்தான் இருக்கிறார், அவரை மூன்றாம் மனிதராகக் கருத முடியாது என்று 2009-இல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொந்த மகனாக இருந்தாலும் அப்பாவின் வண்டி சட்டத்துக்கு இரவல் வண்டிதான்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. எங்கள் கிளையில் கடன் வாங்கிய ஒருவர் பாலிசியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்தார். பையன் ராத்திரி ஷிப்ட் முடித்து வரும்போது மழையில் வழுக்கி நடுத்தடுப்பில் மோதிவிட்டான். இருபத்து மூன்று வயது. "சார், இதில் பதினைந்து லட்சம் என்று போட்டிருக்கே" என்று விரலால் காட்டினார். போட்டுத்தான் இருந்தது, அவர் பெயருக்கு நேராக. அவருக்கு அதை விளக்கிச் சொன்னவன் நான். கடன் தவணை இன்னும் பாக்கி இருந்தது. பணம் வந்திருந்தால் பையன் திரும்பி வந்திருப்பானா என்று கேட்காதீர்கள். அவன் சம்பளத்தை நம்பி ஒரு தங்கையின் படிப்பு இருந்தது.

சரி, அப்பாமார்கள் சொல்லும் காரணங்களைப் பார்ப்போம்.

"பையனுக்கு வருமானம் இல்லை, கடன் கிடைக்காது." பதினெட்டு முடிந்த பையனைக் கடன்தாரராகவும், அப்பாவை உடன் கடன்தாரராகவும் போட்டுப் பல வங்கிகளில் கடன் கொடுக்கிறோம். கேட்டால்தானே சொல்வோம்! கேட்காமல் ஷோரூம்காரர் நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போட்டால் எப்படி?

"பையன் பெயரில் இருந்தால் விற்றுத் தின்றுவிடுவான்." கடன் முடியும்வரை ஆர்.சி.யில் வங்கியின் பெயரும் ஏறியிருக்கும். வங்கியின் தடையில்லாச் சான்று இல்லாமல் பெயர் மாறாது.

"என் பெயரில் இருந்தால் அவன் கட்டுப்பாட்டில் இருப்பான்." இதுதான் உண்மையான காரணம், மற்றதெல்லாம் சாக்கு. ஆனால் நடப்பது தலைகீழ். பையன் சிக்னல் தாண்டினால் சலான் குறுஞ்செய்தி போவது மதுரையில் இருக்கும் அப்பாவின் போனுக்கு. அவர் அதை வங்கி விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுவார். பையனுக்கு உறைக்கவே உறைக்காது. லைசென்ஸ் இல்லாத பையன் யாரையாவது இடித்துவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உரிமையாளரிடம் வசூலிக்க முடியும். அதாவது உங்கள் வீட்டிலிருந்து, உங்கள் சேமிப்பிலிருந்து. பதினெட்டு ஆகாத பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கு மூன்று வருடம்வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். இதில் யார் யார் கட்டுப்பாட்டில்?

பராமரிப்பையும் பாருங்கள். அப்பா பெயரில் வண்டி என்றால் சர்வீஸ் செலவும் அப்பா தலையில். பையனுக்குப் பெட்ரோல் போடும் மூடி எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியும். எஞ்சின் ஆயில் எப்போது மாற்றினோம், செயின் தொங்குகிறதா, பின் டயரில் காற்று எவ்வளவு, பிரேக் ஷூ தேய்ந்துவிட்டதா, எதுவும் தெரியாது. தன் பெயரில் வண்டி, தன் காசில் ஆயில் என்று வரட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனே செயினுக்கு எண்ணெய் போடுவான். செயின் சத்தம் மாறினால் அவன் காது பிடிக்கும். சொந்தக்காரன் என்ற நினைப்பு இல்லாமல் அந்தக் காது வராது.

இன்னொன்று. 2018 செப்டம்பரிலிருந்து புது பைக்குக்குத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் ஐந்து வருடத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு "அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லை" என்று பாலிசியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். வண்டிச் சேதத்துக்கான காப்பீடும் ஓனர்-டிரைவர் காப்பீடும் பெரும்பாலும் ஒரு வருடம்தான். அடுத்த வருடம் யார் புதுப்பிப்பது? ஓட்டுகிறவன் அப்பா பார்த்துக்கொள்வார் என்று இருப்பான். அப்பாவுக்கு ஞாபகமே இருக்காது. கிளெய்ம் வாங்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம்வரை கிடைக்கும் தள்ளுபடியும் வண்டிக்குச் சேருவதில்லை, ஆளுக்குச் சேருவது. ஒழுங்காக ஓட்டுவது பையன், தள்ளுபடி சேருவது அப்பாவுக்கு :-)

ஏற்கெனவே அப்பா பெயரில் இருக்கிறதா? மாற்றலாம். படிவம் 29, படிவம் 30, ஆர்.டி.ஓ. அலுவலகம். கடன் இருந்தால் வங்கியின் சான்று. பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் மாற்றச் சொல்லி விண்ணப்பம் கொடுங்கள். ஓனர்-டிரைவர் காப்பீட்டைப் பையன் பெயரில் புதிதாக எடுங்கள். ஒரு நாள் லீவு போட வேண்டியிருக்கும், போடுங்கள். அதற்குள் பையனின் வங்கிக் கணக்கில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். அது யார் வண்டி என்று கேட்காது.

பிள்ளைக்கு வண்டி கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் பெயரோடு சேர்த்துக் கொடுங்கள். பெயரைக் கொடுக்கும் அளவுக்கு அவன் மேல் நம்பிக்கை வரவில்லையா? அப்படியானால் சாவியையும் கொடுக்காதீர்கள், இன்னும் ஒரு வருடம் பஸ்ஸில் போகட்டும்.