சம்பளம் வாங்காதவரையும் விசாரியுங்கள்

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில் என்சிசி (தேசிய மாணவர் படை) முகாம் என்ற பெயரில் ஒரு முகாம் நடந்தது. மாணவிகள் இரவிலும் பள்ளிக் கலையரங்கத்திலேயே தங்கவைக்கப்பட்டார்கள். துணைக்கு ஆசிரியைகள் இல்லை. முகாம் நடத்தியவர் மீது மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்த பிறகுதான், அந்த ஆளுக்கும் என்சிசிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது வெளியே வந்தது. வேறு பள்ளிகளிலும் அவர் இதேபோல் முகாம் நடத்தியிருந்தது விசாரணையில் தெரிந்தது. கைதான அவர் வழக்கு விசாரணைக்கு வருமுன்பே இறந்துபோனார். புகாரை மறைக்கப் பார்த்ததாகப் பள்ளி முதல்வர் உள்ளிட்டோரும் கைதானார்கள்.

சிறப்புப் புலனாய்வுக் குழு, ஆர்ப்பாட்டங்கள், அரசியல் கட்சிகளின் அறிக்கைகள் எல்லாம் வந்தன. ஆனால் அவர் எப்படிப் பள்ளிக்குள் வந்தார் என்ற கேள்விக்கு நாம் போதிய நேரம் ஒதுக்கவில்லை. என்சிசி பிரிவு ஒரு பள்ளிக்கு எளிதில் கிடைப்பதில்லை. என்சிசி இயக்ககம் அனுமதி தர வேண்டும். பயிற்சி பெற்ற அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவர்தான் மாணவர்களுக்குப் பொறுப்பாளர். அவருக்கு மேலே ராணுவ அதிகாரி தலைமையில் பட்டாலியன் அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒரு போன் போட்டிருந்தால் குட்டு அன்றே உடைந்திருக்கும். காக்கி உடையும் மிடுக்கான சல்யூட்டும் அந்த ஒரு போனைத் தேவையற்றதாக்கிவிட்டன. வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் சொந்த ஊர், வேலை, ஆதார் தொடங்கிக் கேட்கக் கூடாததையும் கேட்கும் ஊர் இது. பிள்ளைகளை ஐந்து நாள் ஒப்படைக்கும்போது மட்டும் நமக்குக் கூச்சம் வந்துவிடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், பள்ளிகள், குழந்தைக் காப்பகங்கள், விளையாட்டுப் பயிற்சி மையங்கள் என்று குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் எல்லா நிறுவனங்களும் தம் பணியாளர்களைப் பற்றிக் குறிப்பிட்ட கால இடைவெளியில் காவல்துறைச் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் செய்ய வேண்டும் என்கின்றன. ஆசிரியர், ஆசிரியரல்லாதவர், நிரந்தரம், ஒப்பந்தம் எல்லோரும் இதில் அடக்கம். ஆனால் விதி வளைக்கும் வட்டம் ஊழியர்களோடு நின்றுவிடுகிறது. சம்பளமில்லாமல் சிலம்பம் சொல்லித்தர வருபவர், சனி ஞாயிறு கிரிக்கெட் கோச், கோடை முகாமில் உதவும் கல்லூரி மாணவர், மன்றத்தின் பெயரில் டியூஷன் எடுக்கும் அண்ணன் ஆகியோரைப் பற்றி அது வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் அதிக நெருக்கமும் குறைந்த மேற்பார்வையும் உள்ளவர்கள் பெரும்பாலும் இவர்கள்தாம். விதியில் 'தன்னார்வலர்' என்ற சொல் சேர்க்கப்பட வேண்டும். வெளியிலிருந்து வந்து முகாம் நடத்துவோரும் அதில் இடம்பெற வேண்டும்.

அதற்காக, காவல்துறைச் சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைத்ததும் கடமை தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஏற்கெனவே பிடிபட்டவரை மட்டுமே சான்றிதழ் காட்டிக்கொடுக்கும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் புகாருக்கு வராமல் போவதே அதிகம். வந்தவற்றிலும் பல ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் கிடக்கின்றன. எனவே சான்றிதழோடு வேறு வேலைகளும் உண்டு. இதற்கு முன் எங்கே பணிசெய்தார், ஏன் விலகினார் என்று கேட்டு, அந்த இடத்துக்கே போன் செய்து பேச வேண்டும். அவர் காட்டும் கடிதத்தில் அச்சிட்ட எண்ணை அழைத்தால் பயனில்லை. அந்த அமைப்பின் எண்ணை நாமே தேடி அழைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் ஒரு பெரியவர் ஒரு குழந்தையோடு தனித்திருக்கும் வாய்ப்பை உருவாக்கக் கூடாது. "நீங்க வீட்டுக்குப் போங்க சார், நான் பார்த்துக்கறேன்" என்று முகாம் நடத்துபவர் சொன்னால், பள்ளி ஆசிரியர் அங்கேயே இருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் தங்கும் முகாமென்றால் பள்ளியின் ஆசிரியைகளும் உடன் தங்க வேண்டும்.

அமெரிக்க பாய் ஸ்கவுட்ஸ் அமைப்பின் கதை இங்கே நினைவுகூரத்தக்கது. தகுதியற்றவர் என்று நீக்கிய தன்னார்வலர்களைப் பற்றி அது கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே ரகசியக் கோப்புகள் வைத்திருந்தது. அந்தத் தகவல் பல நேரங்களில் காவல்துறைக்கோ பெற்றோருக்கோ போகவில்லை. 2020-இல் அது திவால் பாதுகாப்பு கோரியபோது, தங்களுக்குக் கொடுமை நடந்ததாக இழப்பீடு கேட்டவர்கள் 82,000-க்கும் மேல். கிருஷ்ணகிரியில் பள்ளிக்குப் பள்ளி தகவல் போயிருந்தால் அடுத்த பள்ளி அந்த ஆளுக்குக் கதவு திறந்திருக்குமா?

நம்மிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. காவல்துறை மட்டுமே அதைப் பார்க்க முடியும். அந்தப் பெயர்களை ஊரறிய வெளியிட வேண்டும் என்ற கோரிக்கையோடு நமக்கு உடன்பாடில்லை. அது குற்றவாளியின் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும். தெரிந்தவர் மீது புகார் கொடுக்கப் பாதிக்கப்பட்ட வீட்டாரையும் தயங்கவைக்கும். பள்ளி ஒரு பெயரை அனுப்பினால், அவரைக் குழந்தைகளிடம் விடலாமா கூடாதா என்று மட்டும் காவல்துறை பதில் சொன்னால் போதும். பிரிட்டனில் இதற்கென்று தனி அமைப்பு இயங்குகிறது. 2002-இல் சோஹம் ஊரில் பள்ளிக் காப்பாளர் ஒருவர் இரண்டு சிறுமிகளைக் கொன்றதற்குப் பிறகு, அவர்மீது முன்பே வந்திருந்த புகார்கள் ஒரு காவல்துறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகாமல் நின்றுபோனது விசாரணையில் தெரியவந்தது. அங்குள்ள சரிபார்ப்பு முறை இறுகியதற்கு அதுவே முக்கியக் காரணம்.

இவ்வளவு கெடுபிடி செய்தால் சேவை செய்ய யார் வருவார்கள் என்ற கேள்வி வரும். அது வெற்றுக் கேள்வி அல்ல. தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். பெரும்பாலோர் அந்தந்தத் தெருப் பெண்கள். அப்படிப்பட்டவரைச் சான்றிதழுக்காகக் காவல் நிலையத்துக்கு நாலு முறை அலையவிட்டால் அடுத்த முறை வரமாட்டார். ஆகவே சரிபார்ப்புக் கட்டணத்தை அரசே ஏற்க வேண்டும். விண்ணப்பத்தைப் பள்ளியே இணையவழியில் அனுப்ப வேண்டும். பதிலுக்கு நாள் வரம்பு வேண்டும்.

மத்திய அரசு விதியைத் திருத்தும்வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. எந்த வெளி ஆளை யார் அழைத்தார், யார் விசாரித்தார், உடன் இருந்த ஆசிரியர் யார் என்று கையெழுத்தோடு பதியும் ஒரு பதிவேட்டைப் பள்ளிக்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கையில் கட்டாயமாக்கலாம். அங்கீகாரம் புதுப்பிக்க வரும் தனியார் பள்ளியிடம் முதலில் அந்தப் பதிவேட்டைக் கேட்கலாம்.